சோற்றைக் குறைப்பதற்கு முன்: எங்கள் முதல் எட்டு வாரங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நமது ஊரில் ஒருவர் மெலிந்தால் அவரிடம் மூன்று கேள்விகள் வரும். "என்ன, சீனி வருத்தமா?" என்பது முதலாவது. "வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்பது இரண்டாவது. "என்ன பவுடர் குடிக்கிறீங்க?" என்பது மூன்றாவது. எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் ஐந்து பேர் சில கிழமைகளாக இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரு தடவை எழுதிப் போடுவது நல்லது என்று ஐவரும் பேசி முடிவெடுத்தோம்.

சீனி வருத்தம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வீட்டிலும் பிரச்சினை இல்லை. பவுடரும் இல்லை. சாப்பாட்டை மாற்றத் தொடங்கியிருக்கிறோம். அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று டீச்சர்மார், இரண்டு சேர்மார். ஷவ்வால் மாத ஆறு நோன்பும் முடிந்த பிறகு வந்த திங்கட்கிழமை தொடங்கினோம். இன்றைக்கு எட்டு வாரம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. யாருக்கும் மருந்து சொல்லும் பதிவும் இல்லை இது. எங்களுக்கு எது சரிவந்தது, எது கஷ்டமாக இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

*ஏன் தொடங்கினோம்?*

எங்களில் ஒருவருடைய வாப்பா ஐம்பது வருஷம் வட்டையில் நின்ற மனிதர். கடந்த வருஷம் அவருடைய காலில் செருப்பு உரசி ஒரு சின்னக் காயம். நீரிழிவால் நரம்புகள் மரத்திருந்ததால் நோவு தெரியவில்லை. தெரிய வந்தபோது காயம் உள்ளே போய்விட்டது. முதலில் ஒரு விரல் எடுத்தார்கள். பிறகு பாதம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "சீனி எல்லாருக்கும் இரிக்கிற ஒண்டுதானே எண்டு நினைச்சன் மகன்."

எல்லாருக்கும் இருக்கிற ஒன்று. உண்மையில் நாம் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறோம். கலியாண வீட்டில் பிளேன்டீ கொண்டு வரும்போது "சீனி போட்டது எது, போடாதது எது" என்று கேட்பது இப்போது ஒரு சாதாரண உபசாரமாகிவிட்டது. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாருங்கள். பாதி ஊர் அங்கே இருக்கும். முந்தி வயதானவர்கள்தான் அந்த வரிசையில் இருந்தார்கள். இப்போது நம்மோடு படித்தவர்களும் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

நீரிழிவு வந்த பிறகு செய்வதற்கு நிறைய இருக்கிறது. வருவதற்கு முன் செய்வதற்கும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. இரத்தத்தில் சீனி கூடுதலாக இருந்து, ஆனால் இன்னும் நீரிழிவு என்ற அளவுக்குப் போகாதவர்களை எடுத்து, ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டை மாற்றி உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதையும், வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காகக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தவர்களில் புதிதாக நீரிழிவு வந்தது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்த பகுதியினரில் குறைந்தது 31 சதவீதம்தான்.

7 சதவீதம் என்றால் எவ்வளவு? 70 கிலோ உள்ளவருக்கு 5 கிலோ. சினிமாக்காரரைப் போல ஆக வேண்டியதில்லை. ஐந்து கிலோ போதும். எங்களை நகர்த்திய கணக்கு இதுதான்.

*அளந்து பார்த்தோம்*

நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண்தான் உடற் திணிவுச் சுட்டி. ஆசிய நாட்டவர்களுக்கு அது 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் சொன்னது. வெள்ளைக்காரருக்குச் சொல்லும் 25, 30 என்ற கணக்கு நமக்குப் பொருந்தாது. நமது உடலமைப்பில் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. 1.58 மீற்றர் உயரமான ஒருவருக்கு 23 என்பது ஏறத்தாழ 57 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டதும் ஸ்டாஃப் ரூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு தையல் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் மேலே போகக்கூடாது. எங்கள் ஐவரில் ஐவருமே மேலே.

*முதல் வாரம்: எதையும் மாற்றவில்லை*

பெரும்பாலானவர்கள் முதல் நாளே சோற்றை நிறுத்துவார்கள். நாலாம் நாள் இரவு கொத்து ரொட்டிக் கடையில் நிற்பார்கள். நாங்கள் முதல் வாரம் எதையும் நிறுத்தவில்லை. ஆளுக்கொரு கொப்பி எடுத்து, வாயில் போன எல்லாவற்றையும் எழுதினோம். பாடக் குறிப்பு எழுதிப் பழகியவர்கள்தானே! பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிற நாங்கள் ஒருவருக்கொருவர் கொப்பி திருத்திக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை கொப்பிகளை வைத்துப் பார்த்ததில் நாலு விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, தேத்தண்ணி. சுபஹுக்குப் பிறகு ஒன்று, பாடசாலைக்கு வந்ததும் ஒன்று, இடைவேளையில் ஒன்று, அஸருக்குப் பிறகு ஒன்று, இரவு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஒரு கரண்டி 5 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 50 கிராம். 200 கலோரி. அது ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமன். சேர்க்கும் சீனி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. நமது தேத்தண்ணி மட்டுமே அந்த அளவை முடித்துவிடுகிறது. பிஸ்கட்டையும் கேக்கையும் பிறகு எங்கே வைப்பது?

இரண்டு, இடைவேளை. பத்தரை மணிக்கு ஒரு ரோல்ஸ், ஒரு வடை. மாவும் எண்ணெயும். சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கலோரி. பொரித்த சாமானுக்குள் எத்தனை கரண்டி போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

மூன்று, நின்றுகொண்டு சாப்பிடுவது. மூன்று டீச்சர்மாரின் கொப்பியிலும் இது இருந்தது. பிள்ளை வைத்த மிச்சச் சோறு, சட்டியில் ஒட்டிய கறி, பாத்திரத்தின் அடியில் கிடந்த கடப்பாசித் துண்டு. "வீணாப் போகுதே" என்று வாயில் போடுவது. பீங்கானில் போட்டுச் சாப்பிடாததால் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வருவதில்லை.

நாலு, இரவு. இஷாவுக்குப் பிறகு ஒன்பதரை, பத்து மணிக்குப் புட்டோ, இடியப்பமோ, ரொட்டியோ. பகல் முழுக்க ஓடித் திரிந்துவிட்டு, பெரிய சாப்பாட்டைப் படுக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் வைத்திருக்கிறோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நமது முன்னோரின் சாப்பாடு கெட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர்களும் சோறுதான் சாப்பிட்டார்கள், நம்மைவிடக் கூடவே சாப்பிட்டார்கள். ஆனால் விடியப் புறத்தில் வட்டைக்கு நடந்தார்கள், தோணி தள்ளினார்கள், உரலில் குத்தினார்கள். நாம் பள்ளிக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். வேலை குறைந்தது, சோறு குறையவில்லை, அதற்கு மேல் பேக்கரி வந்து சேர்ந்தது.

*ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்*

இரண்டாம் வாரம் தேத்தண்ணி. இரண்டு கரண்டியில் இருந்து ஒன்றரை, நாலு நாளில் ஒன்று, பிறகு அரை. ஒரேயடியாக நிறுத்தியவருக்கு மூன்று நாள் தலையிடி. படிப்படியாகக் குறைத்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நாளில் நாக்கு பழகிவிடுகிறது. இப்போது பழைய தேத்தண்ணியைக் குடித்தால் பாணி குடிப்பது போல இருக்கிறது. சிலர் "சீனிதானே கூடாது, நாங்க கருப்பட்டிதான் கடிக்கிற" என்பார்கள். கருப்பட்டியும் கித்துள் பாணியும் தேனும் உடலுக்குள் போனால் பெரும்பாலும் சீனிதான். கொஞ்சம் சுவை உண்டு, கொஞ்சம் சத்து உண்டு. ஆனால் கணக்கில் இருந்து தப்பாது.

போத்தல் பானங்களை அதே வாரம் விட்டோம். 2016இல் இருந்து நமது நாட்டில் இந்தப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் சிவப்பு தெரியும். நூறு மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள 250 மில்லிப் போத்தல் என்றால், உள்ளே ஐந்து கரண்டி.

மூன்றாம் வாரம் பீங்கான். இதுதான் பெரிய மாற்றம். முன்பு முதலில் சோறு போட்டு, நடுவில் குழி பறித்து ஆணம் ஊற்றி, ஓரத்தில் ஒரு விரல் அளவு கீரை வைப்போம். இப்போது வரிசையை மாற்றினோம். முதலில் கீரையும் மரக்கறியும், பீங்கானில் பாதி. பிறகு மீன், முட்டை, பருப்பு, கோழி, இவற்றில் ஏதாவது காற்பங்கு. கடைசியாக மிஞ்சிய காற்பங்கில் சோறு. நாலு அகப்பை சோறு போட்டவர்களுக்கு இரண்டு அகப்பைக்குத்தான் இடம் வருகிறது. சோற்றை யாரும் நிறுத்தவில்லை. அதற்கு இடத்தைத்தான் குறைத்தோம்.

சிவப்பரிசிச் சோறு எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. தவிட்டோடு இருக்கும் சிவப்பரிசி நல்லது. நார்ச்சத்து உண்டு, பசி தாங்கும், சீனி மெதுவாக ஏறும். ஆனால் கலோரி வெள்ளை அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமன்தான். அரிசியை மாற்றுவது அளவைக் குறைப்பதற்குப் பதில் ஆகாது.

நாலாம் வாரம் இடைவேளை. நாங்கள் ஐந்து பேர், பாடசாலை நாட்களும் ஐந்து. ஆளுக்கொரு நாள் என்று பங்கு போட்டோம். திங்கள் அவித்த கடலை, செவ்வாய் அவித்த முட்டை, புதன் பயறு, வியாழன் கொய்யாவும் வாழைப்பழமும், வெள்ளி வெள்ளரிக்காயோடு மீண்டும் கடலை. ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வேலை. தனியாகத் தொடங்கியிருந்தால் இரண்டாவது வாரமே விட்டிருப்போம். நம்முடைய முறை வரும் நாளில் மற்ற நாலு பேர் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் ஆளை எழுப்பிவிடுகிறது. இப்போது ஸ்டாஃப் ரூமில் வேறு இரண்டு பேரும் சுண்டலுக்குக் கை நீட்டுகிறார்கள். அவர்களுக்கும் கொப்பி கொடுக்கப் போகிறோம்.

ஐந்தாம் வாரம் இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கொண்டுவந்தோம். சாப்பிட்டுவிட்டுத் தொழப் போவது, தொழுதுவிட்டு நடப்பது. பெண்கள் மூவரும் சுபஹுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒன்றாக நடக்கிறார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்த பாதையில் மூவராகப் போவது லேசாக இருக்கிறது. இப்போது பக்கத்து வீட்டு உம்மாமார் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிறார்கள்.

பிறகு வந்த வாரங்களில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. செய்ததை விடாமல் பிடித்துக்கொள்வதே போதுமான வேலையாக இருந்தது.

*செலவு*

"டீச்சர், இதெல்லாம் சம்பளக்காரருக்குச் சரி" என்று ஒரு தாய் சொன்னார். அது சும்மா தட்டிவிடக் கூடிய பேச்சல்ல. 2022க்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பீங்கானை நிரப்புவது சோறு மட்டும்தான், ஏனென்றால் மற்றது எல்லாம் விலை. அதனால் கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறோம். முருங்கை இலைக்கும் வல்லாரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் கங்குனுக்கும் பெரிய காசு போகாது. பல வளவுகளில் முருங்கை சும்மா நிற்கிறது. பெரிய மீன் வாங்க முடியாத நாளில் சூடையும் கீரியும் இருக்கிறது. அவற்றின் சத்து எந்தப் பெரிய மீனுக்கும் குறைந்ததல்ல. பொரிப்பதை விட்டு ஆணமாக்கினால் எண்ணெய்க் காசும் மிச்சம். முதல் பாலைக் குறைத்து, இரண்டாம் பாலில் ஆணம் வைத்தால் தேங்காயும் மிச்சம். சீனியும் சோட் ஈட்ஸும் போத்தலும் குறைந்ததில் எங்கள் ஐவருக்குமே மாதச் செலவு இறங்கியிருக்கிறது, ஏறவில்லை.

*வீட்டில் வந்த சிக்கல்*

உண்மையான சோதனை பசியில்லை. அன்பு.

நமது கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழமை. மருமகன் சாப்பிடுவதைப் பார்ப்பதில்தான் மாமிக்கு நிம்மதி. எங்களில் ஒரு சேர் இரண்டு அகப்பை சோற்றோடு எழும்பியபோது மாமி சமையலறைக்குள் போய் மகளிடம் கேட்டாராம், "என்ன புள்ள, கறி சரியில்லையா? மருமகன் கோபமா இரிக்கிறாரா?" மூன்று நாள் வீடு முழுக்கக் கவலை. நாலாம் நாள் அவர் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, உங்கட கீரைச் சுண்டல் மாதிரி எங்கயும் இல்ல, அதைக் கொஞ்சம் கூட வையுங்க" என்று கேட்டார். அன்றிலிருந்து மாமி தினமும் இரண்டு வகைக் கீரை சமைக்கிறார். இப்போது அவருடைய பிரஷரும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாஷா அல்லாஹ். சோறு வேண்டாம் என்றபோது மனம் நொந்த அதே மாமிதான், கீரையைக் கூட வையுங்கள் என்றதும் சந்தோஷப்பட்டார். வேண்டாம் என்று சொல்வதைவிட, இது வேண்டும் என்று கேட்பது எல்லா வீட்டிலும் லேசு.

தனிச் சமையலும் செய்யவில்லை. எந்தத் தாய்க்கு இரண்டு அடுப்பு எரிக்க நேரம் இருக்கிறது? வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டி. பீங்கானில் போடும் அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு.

அடுத்தது கலியாணம். எட்டு வாரத்தில் ஐவருக்கும் சேர்த்துப் பதினொரு விருந்து. சஹனில் உட்கார்ந்தால் எப்படிக் குறைப்பது என்று பலர் கேட்டார்கள். உண்மையில் சஹன்தான் மிக லேசு. சஹனைச் சுற்றி இருக்கும்போது நமது பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடுவது சுன்னத். அந்த ஒழுங்கைப் பிடித்தாலே அளவு தானாக வந்துவிடும். மெதுவாகச் சாப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள், பெரிய இறைச்சித் துண்டை வயதானவர் பக்கம் தள்ளிவிடுங்கள். நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று யாருக்கும் தெரியாது, நல்ல மனிதர் என்ற பெயரும் கிடைக்கும்! பட்டினியோடு விருந்துக்குப் போகாதீர்கள். போவதற்கு முன் ஒரு பழம், ஒரு கிளாஸ் தண்ணீர்.

பக்கத்து வீட்டில் இருந்து வரும் வட்டிலப்பத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பவும் கூடாது. இரண்டு கரண்டி சாப்பிட்டு, மிச்சத்தைப் பங்கு வைத்தோம். வருஷத்தில் இரண்டு பெருநாள் வட்டிலப்பம் யாரையும் கொல்லாது. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு வரும் கேக் துண்டுதான் கொல்கிறது.

*மார்க்கம்*

வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகளார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்ததை மதரஸாவில் படித்திருக்கிறோம். உண்பதையும் பருகுவதையும் அனுமதித்த குர்ஆன் வீண்விரயத்தைத் தடுத்ததையும் ஓதுகிறோம். பயானில் கேட்கிறோம். கேட்டு முடிந்ததும் வரும் பொதியில் இரண்டு பேருக்கான சோறு இருக்கிறது.

நோன்பும் அப்படித்தான். திங்கள், வியாழன் நோன்பு பிடித்தால் மெலியலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நோன்பு அல்லாஹ்வுக்காக. அதில் உடம்புக்கும் நன்மை இருக்கலாம். ஆனால் பேரீச்சம்பழமும் கஞ்சியும் இருக்க வேண்டிய இடத்தில் சமோசாவும் ரோல்ஸும் சர்பத்தும் நிறைந்தால், பகலில் குறைந்தது மஃரிபில் திரும்பி வந்துவிடும். நோன்பு மாதத்தில் நிறை கூடுகிற ஊர் நம்முடையது.

*இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்*

ஒன்று. ஏற்கனவே நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்களும் ஊசி போடுபவர்களும் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்க வேண்டாம். மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் சீனி ஒரேயடியாக இறங்கி ஆள் மயங்கி விழலாம். கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் அப்படியே.

இரண்டு. போனில் விளம்பரம் வரும் மெலியும் பவுடர், மெலியும் தேத்தண்ணி எதையும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று யாராவது சொன்னால் ஓடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதுதான் முறையான அளவு.

மூன்று. இதுதான் எங்களுக்கு மிக முக்கியமானது. இந்தக் கதையைப் பிள்ளைகள் மேல் போடாதீர்கள். எங்கள் பாடசாலையில் தரம் ஒன்பது மாணவி ஒருத்தி இடைவேளையில் சாப்பிடாமல் இருந்தாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். மெல்லப் பேசியபோது சொன்னாள், வீட்டுக்கு வந்த ஒரு சாச்சி எல்லோருக்கும் முன்னால் "இப்படி இரிந்தா யார் கலியாணம் முடிக்கிற?" என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை இரண்டு மாதமாகச் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே குப்பையில் கொட்டியிருக்கிறாள். காலைக் கூட்டத்தில் ஒரு நாள் மயங்கியும் விழுந்தாள்.

வளரும் பிள்ளைக்குப் பத்தியம் இல்லை. வளரும் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு, விளையாட்டு, நித்திரை. வீட்டில் போத்தல் பானம் வாங்காதீர்கள், பழம் வையுங்கள், நீங்கள் கீரை சாப்பிடுங்கள். பிள்ளை பார்த்துப் பழகும். அதன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். குண்டு, பீப்பா என்று பட்டம் வைப்பதை நாங்கள் வகுப்பில் நிறுத்தியிருக்கிறோம். வீட்டிலும் நிறுத்துங்கள். எங்கள் ஐவரின் நிறைக் கணக்கும் ஸ்டாஃப் ரூம் கதவுக்கு வெளியே போவதில்லை. இன்றைக்கு இந்தப் பதிவுக்காக மட்டும் சொல்கிறோம்.

*எவ்வளவு குறைந்தது?*

எட்டு வாரத்தில் ஒருவருக்கு 5 கிலோ. ஒருவருக்கு 4. இருவருக்கு மூன்றுக்குக் கிட்ட. ஒருவருக்கு அரைக் கிலோதான். அந்த அரைக் கிலோக்காரர்தான் எல்லாரையும்விட ஒழுங்காகக் கொப்பி எழுதியவர். அவருக்கு இடுப்பில் 3 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது, இரவில் நெஞ்செரிச்சல் இல்லை, மேல்மாடி வகுப்புக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறார். எல்லா உடம்பும் ஒரே வேகத்தில் நடக்காது. பரீட்சையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புள்ளி வருகிறதா?

முதல் இரண்டு வாரத்தில் வேகமாகக் குறையும். அதில் ஒரு பகுதி தண்ணீர். பிறகு தராசு அப்படியே நிற்கும். அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளி சுபஹுக்குப் பிறகு மட்டும் நிறுப்பதென்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் தராசில் ஏறினால் மனம் கெட்டுவிடும்.

எட்டு வாரம் என்பது தொடக்கம் மட்டும்தான். வருஷம் முழுக்க இதைக் காப்பாற்றுவோமா என்பது அடுத்த நோன்புப் பெருநாளில் தெரியும், இன்ஷா அல்லாஹ்.

*ஊருக்கு மூன்று வேண்டுகோள்*

பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கு: கந்தூரியிலும் இப்தாரிலும் சோறு போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பானத்துக்குப் பதில் தண்ணீர், இனிப்புக்குப் பதில் ஒரு துண்டு பப்பாசியோ தர்ப்பூசணியோ வைத்துப் பாருங்கள். பானத்துக்குப் போகும் காசில் பழம் வாங்கலாம்.

பெற்றோருக்கு: பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எது விற்கலாம், எது விற்கக் கூடாது என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் எங்களுக்கும் பேச வாய் வரும்.

35 வயதைத் தாண்டிய எல்லோருக்கும்: அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களிலும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. நிறை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். வருத்தம் இல்லாதவர்களுக்குத்தான் அது. வருத்தம் வந்த பிறகு போவதற்குக் கிளினிக் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். நாளைக் காலை தேத்தண்ணியில் அரைக் கரண்டியைக் குறையுங்கள். வாழ்க்கைத்துணை, ராத்தா, நானா, பக்கத்து வீட்டார், யாராவது ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். முதல் வாரம் எழுதுவது மட்டும்.

காலை இழந்த அந்த வாப்பாவுக்காகவும் நோயோடு இருக்கும் எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள். அல்லாஹ் தந்த உடம்பு அமானிதம். அதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை நடமாட்டத்தோடு வைத்திருக்க அவனே நம் எல்லோருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.

பயனுள்ளது என்று தோன்றினால் குடும்ப வட்ஸ்அப் குரூப்புகளில் பகிருங்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், ஐவரில் யாராவது பதில் சொல்வோம்.

வஸ்ஸலாம்.